இருக்கை உயரம்

சௌந்தரராஜன் சார் காரின் முன்கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்ப்பார், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார் என்று நானும் என் மாமாவும் காத்திருக்க, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார். நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டு கட்டியிருந்தது. மேலே ஓரிடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. நட்டு தரையைத் தொடும்படி நூலைத் தொங்கவிட்டு, முடிச்சு இருக்கையின் விளிம்புக்கு நேராக வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சரியாக வந்தது. மறுபடியும் ஒரு முறை அளந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐம்பத்து மூன்று வயது மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் மாமா விருமாண்டிக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை. அவர் விற்க வைத்திருந்த அந்த வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறப்பார்கள், பிறகு மைலேஜ் கேட்பார்கள், பதிலைக் கேட்டதும் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நூல் போட்டு அளந்தவர் இவர் ஒருவர்தான்.

“ஏத்தா மீனா, இவரு வண்டி வாங்க வந்தாரா, கட்டில் வாங்க வந்தாரா?”

மாமா கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கட்டில் என்று சொன்னது ஏறக்குறைய சரி.

சாரின் மனைவி சீதாலட்சுமி டீச்சரும் நானும் பரவையில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவர் கணக்கு, நான் தமிழ். கரும்பலகைக்கு முன்னால் அவர் நின்றால் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூடத் தூக்கம் வராது. எனக்கே அவர் வகுப்பில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க ஆசையாக இருக்கும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, தாழ்வாக உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சார் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். ஒரு கல் வைத்துப் பார்த்து, பலகை வைத்துப் பார்த்து, யார் கையையும் பிடிக்காமல் டீச்சர் உட்கார்ந்து எழ முடிகிற ஓர் உயரத்தைக் கண்டுபிடித்தார். விளக்குத்தூண் பக்கம் நூல் கடை வைத்திருப்பவர் அதை வேறு எதில் குறித்து வைப்பார்? நூலில்தான் முடிச்சுப் போட்டு வைத்தார்.

பிப்ரவரியில் டீச்சர் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். காலையில் எப்படியோ வந்துவிட்டார். சாயங்காலம் ஆட்டோவுக்குள் குனிந்து ஏற முடியவில்லை. வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது, நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் சேலை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சேலையை இழுத்துவிட்டேன். “மூட்டை மாதிரி ஏத்திட்டாங்க மீனா” என்றார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவில்லை. எந்த வண்டியிலும் ஏற மாட்டேன், யாரும் என்னைத் தொடக்கூடாது, ஜூன் மாதம் வேலையை விட்டுவிடுகிறேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சார் கார் தேட ஆரம்பித்தார். காளவாசலிலிருந்து பைபாஸ் ரோடு முழுக்க, பழைய கார் விற்கிற இடமெல்லாம் அந்த நூலோடு ஏறி இறங்கினார். சின்னக் கார்கள் எல்லாம் முடிச்சுக்குக் கீழே இருந்தன. ஜீப் வகையறா எல்லாம் முடிச்சுக்கு மேலே. கடைசியில் என் மாமா வீட்டு வேப்பமரத்தடியில் தூசி படிந்து கிடந்த அந்த ஜப்பான் வண்டி எனக்கு நினைவுக்கு வந்தது.

வெங்காய விலை உச்சத்தில் இருந்த வருடம், மாமாவின் மகன் அழகுபாண்டி அதை ஒரு கோயம்புத்தூர் மில்காரரிடமிருந்து வாங்கி வந்தான். பின்கதவில் இருந்த பெயரில் பாதி எழுத்துகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. உள்ளே தோல் இருக்கைகள், மர வேலைப்பாடு, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாகக் குளிர்காற்று. முன்னால் நடுவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு குட்டிக் காரின் படம். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் சாயும். மலையேறுகிறவர்களுக்காக வைத்தது. பரவையில் எந்த மலையில் ஏறுவது? வெங்காய விலை இறங்கியதும் வண்டி மரத்தடிக்கு வந்துவிட்டது. ஒரு புதுச் சின்னக் காரின் விலையில் பாதிக்குக் கொடுக்கவும் மாமா தயாராக இருந்தார். ஆனாலும் என் முகத்துக்காக உண்மையைச் சொன்னார்.

“டீசலு தண்ணியாக் குடிக்கும். சாமான் எதுனாலும் மெட்ராஸ்லதேன். பின்னால என்னைய வையக்கூடாது.”

சார் தலையை ஆட்டிக்கொண்டே நூலைச் சுருட்டிப் பையில் வைத்தார். அவர் அதுவரை ஓட்டியதெல்லாம் ஒரு மொபெட்தான். ஒரு மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல ஓட்டக் கற்றுக்கொண்டார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. நானும் உடன் போனேன். சாரின் வீடு இருக்கும் மகால் பக்கத்துத் தெருக்கள் எவ்வளவு குறுகல் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி தெருவுக்குள் கொஞ்ச தூரம் நுழைந்து, வெங்கடேஷ்பாபு என்பவர் வீட்டு வாசல்படியில் இடிப்பதற்கு விரல்கடை தூரம் இருக்கும்போது நின்றது. அதற்கு மேல் போகாது. இருக்கைக்கு நூல் போட்டு அளந்த மனிதர் தன் சொந்தத் தெருவை அளக்க மறந்துவிட்டார்.

தெருவே கூடிவிட்டது. அதோ, உள்ளே தள்ளி இருக்கும் வீட்டு வாசலில் டீச்சர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலை நிறையப் பூ வைத்து, முந்தின வருடம் ஆண்டுவிழாவுக்குக் கட்டிய சேலையைக் கட்டியிருந்தார். வண்டி நின்ற இடம் வரை, நடுவில் உட்காராமல், அவரால் நடந்து வர முடியாது. படியைக் கொஞ்சம் இடித்துவிட்டால் வண்டி போகும் என்று யாரோ சொன்னார்கள். வெங்கடேஷ்பாபு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“எங்கப்பா போட்ட கல்லு. கார் வாங்குறவங்க தெருவையும் பாத்து வாங்கணும்.”

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு அவர்மேல் அப்படிக் கோபம் வந்தது. இன்னொருவர், டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், ஒரு நிமிடத்து வேலை என்றார். அது டீச்சர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் திரும்பி வீட்டுக்குள் போனார். வாக்கரின் கால்கள் சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டிப் போகும் சத்தம் தெருவுக்கே கேட்டது. சார் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்துத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, இறங்காமல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், டீச்சர் இனி வரமாட்டார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வெங்கடேஷ்பாபு அவர்கள் வீட்டுக்குப் போனாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். “அந்த நூலைக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மனது கேட்காமல் திங்கட்கிழமை காலையில் நான் மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போனேன். வெங்கடேஷ்பாபு வீட்டுப் படிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி, நான்கு காலுக்கும் அடியில் செங்கல் வைத்து நின்றிருந்தது. அதற்கு அடுத்து ஒரு வீட்டு வாசலில் பலகை அடுக்கி உயர்த்திய ஸ்டூல். அதற்கும் அடுத்து ஒரு தகர டிரம், மேலே மடித்துப் போட்ட ஜமுக்காளம். எல்லாம் ஒரே உயரம். நூல் ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது. அதைவிட நான் அதிசயப்பட்டது இன்னொன்று. அந்த நேரத்தில் தண்ணீர்க் குடமும் பால் பாத்திரமுமாக நிறைந்து கிடக்கும் தெருவில் ஒரு ஆள் இல்லை. கதவுகள் எல்லாம் ஒருக்களித்துச் சாத்தியிருந்தன. பார்க்கக்கூடாது என்று தெரு பேசிவைத்துக்கொண்டது.

டீச்சர் வந்தார். டிரம்மில் உட்கார்ந்தார், தானாக எழுந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார். வெங்கடேஷ்பாபுவின் நாற்காலியில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தார். தெருமுனையில் சார் கார்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கை நீட்டாமல், முதுகைக் காட்டித் திரும்பி நின்று எதிரே இருந்த மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வாக்கரை என்னிடம் கொடுத்தார். கட்டிலில் உட்காருவது போலவே பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். அந்த வட்டக் கண்ணாடிக்குள் குட்டிக் கார் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. “நான் ஏறுனா சாயுது பாரு மீனா” என்று அவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாக்கரைப் பின்னால் வைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அன்றிலிருந்து தினமும் அந்த வண்டியில்தான். காளவாசலில் நான் ஏறிக்கொள்வேன். போக்குவரத்துக் காவலர் உள்ளே யாரோ பெரிய ஆள் இருப்பதாக நினைத்து மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிடுவார். இரண்டு வாத்தியாரம்மாக்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கடந்து போவோம். மாமா சொன்னதெல்லாம் பலித்தது. டீசலைக் குடித்தது. ஐப்பசி மழையில் மேல்கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் சொட்ட, நான் குடை பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஆனாலும் என்ன வண்டி அது! பள்ளத்தில் விழுந்தால் பள்ளம்தான் வருத்தப்பட வேண்டும், எங்களுக்குத் தெரியாது. எங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சார் பின்னால் நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போவார். டீச்சர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினார். அப்போதும் நாற்காலியும் ஸ்டூலும் டிரம்மும் காலையில் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று, விளாங்குடி தாண்டியதும் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. பெல்ட் அறுந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் ஒரு முறை டீச்சர் முகத்தைப் பார்க்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் கை ஓடாது. நான் ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். ஆட்டோவைப் பார்த்ததும் சாரின் முகம் செத்துவிட்டது. டயரைப் பார்க்கிறவர் போல வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நானும் ஆட்டோக்காரரும் டீச்சரைத் தூக்கப் போகிறோம் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“நீ தள்ளிக்க மீனா” என்றார் டீச்சர். கம்பியைப் பிடித்தார், குனிந்தார், உட்கார்ந்தார். மதுரையில் ஆட்டோ ஏறுகிற எந்தப் பெண்ணையும் போல, அவ்வளவு சாதாரணமாக. நானும் ஏறிக்கொண்டேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். டிசம்பரிலேயே குனிந்து உட்கார முடிந்தது, சார் கடைக்குப் போன நேரத்தில் வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து பழகிக்கொண்டேன் என்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“அவருகிட்ட சொல்லிராத மீனா. தினமும் காலையில கதவைத் திறந்துட்டு அந்தக் கரண்டு கம்பத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாருல்ல... அது எனக்கு வேணும்.”

ஆட்டோ கிளம்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வண்டிக்கு அடிவயிறு உயரம். அதற்குக் கீழே, அந்தப் பக்கத்தில், சாரின் செருப்புக் கால்கள் தெரிந்தன. டயருக்குப் பக்கத்தில் இல்லை, கதவுக்கு நேராக, எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. வண்டியின் இரண்டு பக்க ஜன்னல் கண்ணாடி வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். டீச்சரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

மதியம் பரீட்சை முடிந்து பிள்ளைகள் கேள்வித்தாளோடு வெளியே வந்தபோது, பள்ளி வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். சார் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்று, வாசலில் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். டீச்சர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, நிதானமாக, தேவைக்கு அதிகமான நிதானத்தோடு, பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சார் அதன் பிறகுதான் திரும்பினார்.

“மெட்ராஸ்லருந்து முன்னமே வாங்கி வச்சிருந்த பெல்ட்டு, ஓசு எல்லாம் போட்டாச்சு டீச்சர்” என்றார் என்னிடம். வீட்டில் அவர்கள் பேசுவது வேறு மொழி என்றாலும், என் முன்னால் தமிழில்தான் பேசுவார்கள். “இனி பத்து வருசத்துக்குக் கவலையில்ல. இவளுக்கு வேற வண்டி ஒத்துவராதுல்ல?”

டீச்சர் வராந்தாவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆமா. ஒத்துவராது.”

சார் கதவை மெதுவாகச் சாத்தினார். வட்டக் கண்ணாடிக்குள் குட்டிக் கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அவர் முன்பக்கமாகச் சுற்றி வந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அது மெல்ல நிமிர்ந்தது.