ஒன்பதாவது தட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சம்மன் கட்டப் போன இடத்தில். ஜார்ஜ் டவுனில் ஒரு மருந்துக்கடை வாசலில் ஏழு நிமிடம் காரை நிறுத்தியதற்கு வந்த அபராதச் சம்மன். என் எண் வரும்வரை அந்தத் தாளையே படித்துக்கொண்டிருந்தேன். மலாய் வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம்: ஆஃபென்ஸ். அதற்கு எதிரே நான் செய்தது என்ன என்று இருந்தது.

அன்று காலைதான் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "நோ ஆஃபென்ஸ், உன் புதுக்கதையில அழுகை கொஞ்சம் ஜாஸ்தி." அன்று மாலை கெலுகோரில் மகளின் கூடைப்பந்தாட்டம். பயிற்சியாளர் கோட்டருகே நின்று "ஆஃபென்ஸ்! ஆஃபென்ஸ்!" என்று கத்தினார். பிள்ளைகள் பந்தோடு முன்னால் பாய்ந்தார்கள்.

சட்டத்தை மீறினால் அது. ஒருவர் மனம் நோகச் செய்தால் அது. பந்தை வைத்துக்கொண்டு எதிராளியை நோக்கிப் போனாலும் அதுவே. குற்றம், மனத்தாங்கல், தாக்குதல் என்று நாம் தனித்தனி வீட்டில் குடிவைத்திருப்பவர்களை ஆங்கிலம் ஏன் ஒரே வீட்டில் வைத்தது? உள்ளே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கதவு இருக்கிறதா? அதைப் பார்க்க எனக்கு ஒரு குடும்பம் தேவைப்பட்டது. (எதைப் பார்க்கவும் எனக்கு ஒரு குடும்பம் தேவைப்படும். இருபது வருடப் பழக்கம்.)

2

முதல் தொடக்கம்: "நீதிமன்றக் கூண்டில் ரமணி தலைகுனிந்து நின்றாள். நீதிபதி..." வேண்டாம். நீதிமன்றம் எனக்குத் தெரியாத இடம்.

இரண்டாவது: "மழை விட்டிருந்தது. குமுதாவின் கண்களில் மட்டும்..." தோழி சொன்னது சரிதான்.

மூன்றாவது. ரமணிக்கு முப்பத்து நான்கு வயது. நகர மன்றத்தில் அமலாக்க அதிகாரி. தப்பான இடத்தில் நிற்கும் வாகனங்களுக்குச் சம்மன் எழுதுவது அவள் வேலை. தங்கை குமுதாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஷர்வின் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலைப் பொறியாளர். அவன் அம்மா சந்திரிகா இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்க மூன்று வருடம் ஆனது. குமுதா அந்த மூன்று வருடத்தையும் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பெண்ணின் அக்காவுக்கு அரசாங்க வேலை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு மணிவரை. கடல் பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று பயந்து கெப்பாலா பத்தாஸிலிருந்து சீக்கிரமே கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார், ஐந்தே காலுக்கே பெண் வீட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ராகுகாலத்தில் படியேற முடியாது. இரவல் வேனை, வண்டி நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு, முனைக் கடையில் தே தாரிக் என்ற நுரைத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

விடுப்பு கிடைக்காத ரமணி அன்றைய கடைசிச் சுற்றில் அதே தெருவுக்கு வந்தாள். அவள் பார்த்திருந்தது ஷர்வினின் மோட்டார் சைக்கிளை மட்டும்தான். சம்மன் எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டு, மாடியேறிப் புடவை மாற்றிக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் வேனுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். உள்ளே இருப்பது தெரியாது, பாவம் ரமணி. இரண்டு நாள் கழித்து அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அது அவளை மிகச் சுலபமாகக் காப்பாற்றியது. கண்ணாடி தெளிவாக இருந்தால், பின்சீட்டில் தங்கநிறத் தாள் சுற்றிய சீர்த்தட்டுகள் அவள் கண்ணில் பட்டிருக்கும்.

பட்டன. ஏழு தட்டு.*

* தட்டு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். எட்டுத் தட்டோடு யாரும் நிச்சயத்துக்குப் போவதில்லை.

4

ஆறு மணி ஐந்து நிமிடம். தட்டுகள் கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. சந்திரிகா உட்காரவில்லை. கையில் சம்மன்.

"எந்தக் கட்டையில போறவன்லா இத எழுதினது? கல்யாணத் தட்டு இருக்கிறது கண்ணு தெரியலையா?"

"மா, காடிய அங்க போட்டது நான்தான். விடுங்கம்மா" என்றான் ஷர்வின்.

"நீ பேசாத. வாயில தே தாரிக் படலேன்னா உனக்கு உசிரு போயிடும்."

பெண்ணின் அப்பா சின்னையா நிலைமையைச் சமாளிக்கப் பெரிதாகச் சிரித்தார். "இங்க இப்படித்தான்மா. அவங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது!" சொன்ன பிறகுதான் மூத்த மகளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அறைக் கதவிடுக்கில் குமுதா. "அக்கா, நீயா?"

"ம்."

"வாயத் தொறக்காதக்கா. ப்ளீஸ். மோதிரம் மாத்தினப்புறம் சொல்லிக்கலாம்."

(இங்கே ஒரு நிமிடம் நின்றேன். ரமணி பேசாமல் இருந்தால் கதை நான்கு வரியில் சுபமாக முடியும். மோதிரம், பாயசம், படம். இப்படி எத்தனையோ முடித்திருக்கிறேன். ஆனால் தாளில் அவளுடைய பணி எண் இருக்கிறது. இன்றில்லாவிட்டால் நாளை தெரியும். அப்போது குமுதாவின் முதல் நாளிலேயே ஒரு பொய் இருந்திருக்கும்.)

ரமணி கூடத்துக்கு வந்தாள். "ஆன்ட்டி, அந்தக் கட்டையில போறவ நான்தான்."

தட்டைச் சுற்றிய தாள் காற்றாடிக் காற்றில் சலசலத்தது.

"நீயா? எங்க காடின்னு தெரியாம எழுதிட்டியா?" குரலில் ஒரு வழி திறந்திருந்தது. தெரியாது என்றால் போதும்.

"யார் காடின்னு தெரியாது. கல்யாணக் காடின்னு தெரியும்."

"பார்த்தியா? தட்டப் பார்த்துட்டா எழுதின?"

"ஏழு தட்டு. எண்ணினேன், ஆன்ட்டி."

அறைக்குள் குமுதா கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்புறம் எப்படிம்மா உனக்குக் கை வந்துச்சு?"

"காலையில சித்தி ஆயிஷான்னு ஒரு மலாய்க்கார அக்கா. சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. கல்யாண ஆர்டர்லா தங்கச்சி, ரெண்டே நிமிஷம்னு கெஞ்சினாங்க. அவங்களுக்கும் போட்டேன். அவங்க கல்யாணத்துக்குப் போட்டுட்டு நம்ம கல்யாணத்துக்கு விட்டா, நாளைக்கு அந்த அக்கா மூஞ்சிய எப்படிப் பார்க்கிறது?"

5

இதுவரை எழுதியபோதுதான் அந்த வீட்டுக்குள் இருக்கும் கதவைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மஞ்சள் கோடு, நீ நினைத்துச் செய்தாயா என்று கேட்பதே இல்லை. செய்தாயா, அவ்வளவுதான். மனம், நினைத்துச் செய்தாயா என்பதை மட்டுமே கேட்கிறது. சட்டத்தின் முன்னால் ஷர்வின் செய்தது ஆஃபென்ஸ். சந்திரிகாவின் முன்னால் ரமணி செய்தது ஆஃபென்ஸ். ஒரே தாள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் மனத்தாங்கலைக் கொடுப்பார்கள், எடுத்துக்கொள்வார்கள். சீர்த்தட்டு மாதிரி. எடுத்துக்கொள்ளாமல் விட்டால் அது எங்கே போகும் என்று எந்த அகராதியிலும் இல்லை.

சந்திரிகா சம்மனை இரண்டாக மடித்தார். "ஒரு வெறுந்தட்டுக் கொடுங்க" என்றார்.

சின்னையா ஓடிப்போய் எடுத்துவந்தார். சந்திரிகா தாளை அதில் வைத்து, ஏழு தட்டுக்குப் பக்கத்தில் எட்டாவதாக வைத்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"இப்ப எட்டு" என்றார். "என்ன பண்றதுன்னு பொண்ணு வீட்டுல சொல்லுங்க."

அவர் அதை எந்த மனத்தோடு சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவமானத்தைத் திருப்பி வைத்தாரா, அல்லது இதற்கும் ஒரு இடம் கொடுங்கள் என்றாரா? ஐந்து பிரதி எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் அவர் முகம் வேறு. பந்து ரமணி கைக்கு வந்துவிட்டது என்பது மட்டும் தெரிகிறது.

எட்டு ஆகாது. எடுத்துவிட்டு ஏழாக்கினால் சந்திரிகா வைத்ததைத் தள்ளியதாகிவிடும். ஒன்பதாக்க வேண்டும்.

6

ரமணி சமையலறையில் ஒரு வெறுந்தட்டோடு நிற்கிறாள். நல்ல நேரம் ஏழுவரை. இப்போது ஆறு முப்பத்தைந்து.

அதில் நான் வைத்துப் பார்த்தவை:

மன்னிப்புக் கடிதம். ரமணி எழுத மறுத்துவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை.

வெற்றிலை பாக்கு. முதல் தட்டிலேயே இருக்கிறது.

அவளுடைய பணித்தொப்பி. (ஆறு நாள் இது எனக்குப் பிடித்திருந்தது. ஏழாம் நாள், தங்கைக்காக ஒரு பெண் ஏன் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது.)

சித்தி ஆயிஷா கடையிலிருந்து சாப்பாடு. அழகுதான், ஆனால் இருபத்தைந்து நிமிடத்தில் யார் போய் வாங்கிவருவது? அந்தத் தெருவில் காரை எங்கே நிறுத்துவது?

குமுதா பட்டுப்புடவையோடு பின்னால் வந்து நிற்கிறாள். அழவில்லை. "என்னத்தக்கா வைக்கப் போற?"

"தெரியலடி."

"எத வச்சாலும் நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை, அவளாகச் சொன்னாள். இதற்குமேல் என்னால் நகர முடியவில்லை. தட்டில் என்ன வேண்டுமோ அதை நீங்கள்தான் வைக்க வேண்டும். நான் எழுதிவைத்திருப்பது இதற்கு அடுத்தது, அதுவும் பாதிவரைதான்:

அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். சந்திரிகா தட்டைப் பார்த்தார். பிறகு, இரண்டு கையையும்...