கடைசி ஐந்து புள்ளிகள்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் கூடம் துறைமுகத்தைப் பார்த்திருக்கும். ஜன்னலைத் திறந்தால், புவியீர்ப்பை அளக்க நாங்கள் ஆடவிடும் ஊசலைக் கடல்காற்று தன் இஷ்டத்துக்கு ஆட்டும். சாத்தினால் பிள்ளைகள் புழுங்கிப்போவார்கள். அதனால் துறைத்தலைவர் கிருபாநிதி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புவியீர்ப்பு 980 என்று முதலில் எழுதிவிட வேண்டும். அதற்குத் தோதான நேரங்களைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக எங்கள் ஊரில் புவியீர்ப்பு இம்மியும் பிசகவில்லை.

இந்த மகானிடம்தான் 1977இல் என் ஆராய்ச்சி விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வயதுக்குமேல் மதுரைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கமாட்டார்கள். எனக்கு அது கடைசி வருஷம்.

விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய வரைபடத்தைப் பென்சிலில் போட்டு அவர் மேசையில் விரித்தேன். ஒரு விண்மீன் மண்டலம் சுழலும் வேகம். மையத்தை விட்டுத் தள்ளிப்போகப்போக வேகம் குறையவேண்டும் என்பது நியூட்டன் கணக்கு. வானியல் அறிஞர்கள் அளந்து வெளியிட்டதில் கடைசி ஐந்து புள்ளிகள் குறையவே இல்லை. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பொருள் அங்கே இருக்கவேண்டும். இல்லை, அத்தனை தொலைவில் ஈர்ப்பு விதியே வேறாக இருக்கவேண்டும். இரண்டாவதை ஆராயத்தான் விண்ணப்பம்.

"ஏம்மா ஆக்னஸ், கண்ணுக்குத் தெரியாததை ஞாயித்துக்கெழம கோயில்ல பாத்துக்கிடலாம். நியூட்டனத் திருத்துததுக்கு நீ யாரு?"

"அளந்து போட்டிருக்காங்க, சார்."

"அளக்கத் தெரியல. அங்கனயும் காத்தடிச்சிருக்கும்."

விண்வெளியில் காற்று! சொன்னவர் எம்.எஸ்ஸி., தங்கப்பதக்கம்.

ரப்பரை எடுத்து ஐந்து புள்ளிகளையும் அழித்தார். பென்சிலால் அழகாகச் சரியும் கோடு ஒன்றை இழுத்தார்.

"இப்பம் பாரு, எவ்வளவு லெச்சணமா இருக்கு! மை போட்டுக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வயது வரம்பு என்னை மிரட்டியது. மதுரைக்கு நேரில் போய் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர் கோட்டின்மேல் மை ஏற்றியது என் கைதான். பதிவுத் தபாலில் அனுப்பியதும் நான்தான்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'தாங்கள் கூறும் முரண்பாடு தங்கள் வரைபடத்திலேயே இல்லை. அது நியூட்டன் விதியோடு அப்படியே பொருந்துகிறது. ஆய்வுக்கு இடமில்லை.'

கிருபாநிதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? பொருந்துதுன்னு மதுரக்காரனே எழுதிட்டான்!"

கடிதத்தை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என்னைப் பாராட்டினார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.