மூன்றாவது மேடை

பயம் என்று ஒன்று தனக்குக் கிடையாது என்றுதான் ரெனான்டே நாற்பத்தொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தான். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. பதினேழு வருஷமாகக் கடல் மட்டத்துக்குக் கீழே, எண்ணெய் நாற்றத்திலும் இரைச்சலிலும் கிடந்தவன். ஒருமுறை புயலில் கப்பல் ஒருக்களித்தபோது மற்றவர்களெல்லாம் ஜெபம் சொல்ல, இவன் மட்டும் ஸ்பானரும் கையுமாக நின்றான் என்று ஒரு கதையே உண்டு. அதைப் பெரும்பாலும் அவனேதான் சொல்வான்.

அவன் மகள் லுவெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஐரினோடு ககயான் நகரத்தில், பெரியம்மா வீட்டில் இருந்தாள். ரெனான்டேயும் ஐரினும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடிதடி ஒன்றும் இல்லை. பத்து மாதம் கடலில் இருந்துவிட்டு வருகிறவன், கரையில் இருக்கும் இரண்டு மாதத்தையும் சேவல் சண்டையிலும் கூட்டாளிகளோடும் கழித்தான். ஒருநாள் ஐரின், "நீ இல்லாத மாசந்தான் வீடு வீடா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அந்த மே மாதம் கப்பலிலிருந்து இறங்கியவன், மகளை நாலு நாள் கமிகின் தீவுக்கு அழைத்துப்போகக் கேட்டான். ஐரின் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். "சொன்ன நேரத்துக்குக் கொண்டாந்து விடணும்" என்று மட்டும் சொன்னாள்.

முதல் இரண்டு நாளும் நல்லபடியாகப் போயின. வெள்ளை மணல்திட்டுக்குப் படகில் போனார்கள். எரிமலை அடிவாரத்து வெந்நீர்க் குளத்தில் கிடந்தார்கள். ஆனாலும் லுவெல்லா அவனிடம் வாத்தியாரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "சரிங்கப்பா", "வேணாங்கப்பா", "நீங்க சாப்பிடுங்க." அதை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு தவிப்பு. மூன்றாம் நாள் காலை, மலைக்காட்டில் மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிக்கொண்டு போகலாம் என்று எழுதிய பலகையைப் பார்த்ததும், "இதுக்குப் போறோம்" என்று முடிவே செய்துவிட்டான்.

"எனக்குப் பயமா இருக்குங்கப்பா."

"கப்பக்காரன் பொண்ணு பேசுற பேச்சா இது? நானும் கூடத்தானே வர்றேன்."

மொத்தம் ஆறு மேடை. ஒவ்வொரு மேடையும் ஒரு பெரிய மரத்தின் கழுத்தைச் சுற்றிப் பலகை அடித்துக் கட்டியது. இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை மாட்டி, ஹெல்மெட்டைக் கவிழ்த்து, ஏணியில் ஏற்றிவிட்டார்கள். ஆட்களை அனுப்புகிறவன் ஜோவன், முப்பத்தைந்து வயது, ஓயாத வாய். அந்தப் பக்கம் நின்று ஆட்களைப் பிடிக்கிறவள் மெர்லி. இருவரும் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வார்கள்.

"அண்ணே, கண்ணைத் தொறந்துட்டே போங்க. கண்ணை மூடிட்டுப் போறதுக்கு வீட்லயே தூங்கியிருக்கலாம்" என்றான் ஜோவன்.

முதல் கம்பி சின்னது. லுவெல்லா அழுதுகொண்டேதான் போனாள். அந்தப் பக்கம் போய் இறங்கியதும் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். ரெனான்டே அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று வருஷமாவது இருக்கும். இரண்டாவது கம்பியில் அவளே முந்திக்கொண்டாள். அவன் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, "அப்பா, உன் மூஞ்சியைப் பாக்கணுமே! வாயை இப்படிப் பொளந்துட்டு வந்தே!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டே வந்ததை அவன் சொல்லவில்லை.

மூன்றாவது மேடை ஒரு கிழட்டு வேங்கை மரத்தின் மேல் இருந்தது. அங்கேயிருந்து கம்பி ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனது. கீழே ஓடை, நூல் மாதிரி. அக்கரை மேடை இலைக்குள் மறைந்து, கண்ணுக்கே தெரியவில்லை. கம்பி காற்றுக்குள் போய்த் தொலைந்த மாதிரி இருந்தது.

லுவெல்லா பின்னால் நகர்ந்தாள். "அப்பா, இது வேணாம்ப்பா. முடிவே தெரியல."

"மத்த ரெண்டும் போனேல்ல? இதுவும் அதே கம்பிதான்."

"அப்ப நீ முதல்ல போ."

ஜோவன் குறுக்கிட்டான். "சின்னவங்கதான் முதல்ல போகணும் பாப்பா. கடைசில தனியா நிக்க விடமாட்டோம்."

அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "நீ வருவேல்ல?"

"பின்னாடியே வர்றேன். நீ போய்க் காலை ஊனுறதுக்குள்ள நான் அங்க இருப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியம்டி என் தங்கம்."

அவள் கண்ணை இறுக்கி மூடினாள். ஜோவன் கொக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவளை அனுப்பினான். 'அப்பா...' என்ற குரல் நீண்டு, மெலிந்து, இலைக்குள் போனது. சற்று நேரத்தில் வாக்கி டாக்கியில் மெர்லி, "பாப்பா வந்தாச்சு" என்றாள்.

ரெனான்டே விளிம்புக்கு வந்தான். ஜோவன் கொக்கியை மாட்டினான். அப்போதுதான் ரெனான்டே ஓடையைப் பார்த்தான். கைகள் தாமாகவே போய் மரத்தைக் கட்டிக்கொண்டன.

"அண்ணே, மரம் எங்கயும் போகாது. விடுங்க."

"ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம் ஐந்தாயிற்று, பத்தாயிற்று. பின்னால் செபு நகரத்திலிருந்து வந்த ஆபீஸ் கூட்டம் ஒன்று மேடையில் சேர்ந்துவிட்டது. "அங்கிள், நாங்க வேணா பாட்டுப் பாடட்டுமா?" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். அவனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. 'போ, போ' என்று மனசு அடித்துக்கொண்டது. உடம்பு கேட்கவில்லை. அப்படி ஒரு உடம்பு தனக்குள் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

"அங்க பாப்பா காத்துட்டு இருக்கு அண்ணே" என்றான் ஜோவன் மெதுவாக. இப்போது அவன் கேலி செய்யவில்லை.

"என்னால முடியாது."

நடுவழியில் அந்த மரத்தில் மட்டும் கீழே இறங்க ஓர் ஏணி இருந்தது. அக்கரை மேடையில் அது கிடையாது. அங்கே போனவர்கள் கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டும். கம்பி சரிவாகக் கட்டியது, திரும்பி வரவும் வழியில்லை. ஜோவன் வாக்கி டாக்கியை வாயருகே வைத்தான். "மெர்லி, பாப்பாவோட அப்பாவுக்குக் கை கால் உதறுது. பயந்துட்டாரு. ஏணில இறங்கறாரு. நீ பாப்பாவைக் கூடவே இருந்து கூட்டிட்டுப் போ."

பதில் வரத் தாமதமாயிற்று. "பாப்பா போகமாட்டேங்குது. அப்பா வர்றவரைக்கும் நிப்பேன்னு சொல்லுது."

ஏணியில் இரண்டு படி இறங்கியிருந்த ரெனான்டே நின்றான். அப்படியே திரும்பி ஏறியிருக்கலாம். 'எனக்குப் பயமா இருக்குடா தங்கம்' என்று அந்த வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிற்பாடு அந்த இரண்டு படியிலிருந்து அவன் மனசுக்குள் எத்தனையோ தடவை திரும்பி ஏறிவிட்டான். ஆனால் அன்றைக்குச் சொன்னது வேறு.

"பெல்ட்ல ஏதோ பழுதுன்னு சொல்லச் சொல்லு. பக்கிள் விட்டுப்போச்சு, அதனாலதான் வரலைன்னு."

"அண்ணே, அப்படிச் சொன்னா எங்க பேருதான் கெடும். பயப்படுறதுல என்ன இருக்கு? வாரத்துக்கு நாலு பேர் இந்த ஏணில இறங்கறாங்க."

"சொல்லுய்யா! என் பொண்ணு முன்னால என்னை அசிங்கப்படுத்தாதே."

ஜோவன் அவனை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, "மெர்லி, பெல்ட் பழுதுன்னு சொல்லச் சொல்றாரு" என்றான்.

கடைசி மேடைக்குக் கீழே ஒரு கடை இருந்தது. ரெனான்டே அங்கே போய் முகம் கழுவினான். உள்ளே இனிப்பு வைத்த கமிகின் பன் ஆறு வாங்கிக்கொண்டு காத்திருந்தான். அரைமணி நேரம் கழித்து லுவெல்லா தலைக்கு மேலே கம்பியில் வந்தாள். கண்ணை மூடவில்லை, கத்தவில்லை, சும்மா உட்கார்ந்து வருகிற மாதிரி வந்தாள்.

இறங்கி, பெல்ட்டோடு அவன் எதிரில் வந்து நின்றாள். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

"பக்கிள் விட்டுப்போச்சு. நல்ல வேளை, கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்தேன். அவனுங்களை நல்லா திட்டிவிட்டேன். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், வேற பெல்ட் இல்லைன்னுட்டான்." சொல்லச் சொல்ல அவனுக்கே அது நடந்தது மாதிரிதான் இருந்தது. "நீ பயந்துட்டியா?"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்லைங்கப்பா. நல்லா இருந்துச்சு" என்றாள். பன்னை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மெர்லி ஹெல்மெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரெனான்டே நன்றி சொல்லப் போனபோது அவள் நிமிராமலே பேசினாள். அவனைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

"தம்பி, இந்த வாக்கி டாக்கி நெஞ்சுல மாட்டியிருக்கு. பேசுறது பத்தடிக்குக் கேக்கும்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"நீங்க பயந்துட்டீங்கன்னு அவன் சொன்னப்ப அது அழல. 'அப்பாவுக்கும் பயமா? அப்ப நான் திரும்பிப் போய்க் கைபிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்க்கா'ன்னுச்சு. கம்பில திரும்பிப் போக முடியாது கண்ணுன்னேன். 'அப்ப இங்கயே நிக்கிறேன், அவரு தைரியம் வந்து வருவாரு'ன்னுச்சு." மெர்லி ஒரு ஹெல்மெட்டின் வாரைச் சுற்றி உள்ளே செருகினாள். "அப்புறம் ரெண்டாவது சேதி வந்துச்சு. 'போலாம்க்கா'ன்னுச்சு. கொக்கியைக்கூடத் தானே மாட்டிக்கிச்சு."

ரெனான்டே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். லுவெல்லா பன்னை இரண்டாகப் பிட்டு, உள்ளே இருந்த இனிப்பை மட்டும் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில், புளித்த காடியில் ஊறிய மீனும் தென்னங்குருத்தோலையில் பொதிந்த சோறும் வந்தன. அவன் சோற்றைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"லுவெல், காலைல நான் சொன்னேனே..."

"மீன் நல்லா இருக்குங்கப்பா. நீங்க சாப்பிடுங்க."

"அதில்ல, அந்த பெல்ட்டு..."

"பரவால்லைங்கப்பா. பெல்ட் பழுதானா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டு அவன் பக்கமாக மீன் தட்டை நகர்த்தி வைத்தாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. வயசான ஒருவரைத் தடுமாறவிடாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு பக்குவம்தான் இருந்தது. அதை உடைத்துக்கொண்டு பேச அவனுக்கு வாய் வரவில்லை. ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். ராத்திரி, காலையில் படகில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிற்று. படகில் அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

தீவுக்கு எதிர்க்கரையான பாலிங்கோவான் படகுத்துறையில் ஐரின் அரைமணி முன்னதாகவே வந்து நின்றிருந்தாள். மகளைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். "எப்படி கறுத்துப் போயிருக்க பாரு! என்னல்லாம் பண்ணீங்க?"

"கம்பில தொங்கிட்டு மரத்துக்கு மரம் போனோம்மா! ஆறு மரம்!"

ஐரின் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயும் போனியா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் லுவெல்லா, "அப்பாவும் வந்தாரும்மா. பாதில அவரு பெல்ட்டு பக்கிள் விட்டுப்போச்சு. அப்பா அவங்களை என்ன திட்டு திட்டினாரு தெரியுமா? இல்லேன்னா கடைசிவரைக்கும் வந்திருப்பாரு" என்றாள்.

மளமளவென்று, ஒரு சொல் தடுக்காமல் சொன்னாள்.

ஐரின் இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று வருஷம் கூட இருந்தவள். "அப்படியா?" என்றாள்.

ரெனான்டே தலையை ஆட்டினான். "ஆமா. பக்கிள் விட்டுப்போச்சு" என்றான்.

ஊர் வழக்கப்படி பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி லுவெல்லா அவன் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து விடைபெற்றாள். ஜீப் கிளம்பி, சாலையோரத்துத் தென்னைகளுக்குள் மறைகிறவரை அவன் அங்கேயே நின்றான்.

செப்டம்பரில், கப்பல் தென்னமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் சோயா ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் மகளுக்குப் போன் செய்தான். மேல்தளத்தில் கூட்டாளிகள் யாரும் இல்லாத மூலையாகப் பார்த்து நின்றுகொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது, தனக்குத்தான் பயம், பொய் சொன்னது தப்பு, அவளை அங்கே தனியாக விட்டது அதைவிடத் தப்பு.

சொல்லி முடித்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அதெல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சுங்கப்பா" என்றாள் லுவெல்லா. "நாளைக்குக் கணக்குப் பரிட்சை. வெச்சுடவா?"

"சரிம்மா. நல்லா எழுது."

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று அவன் ஜனவரியிலேயே கேட்டு எழுதினான். செபு, போஹோல், அவள் எங்கே சொன்னாலும் சரி என்றான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கேயும் வேண்டாமாம். அவன் வருகிற அன்றைக்கு நகரத்திலேயே எங்காவது சாப்பிடலாமாம். பன்னிரண்டு மணிக்கு என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, 'வர முடியலேன்னாலும் பரவால்லைங்கப்பா' என்று இருந்தது.