அவ்வாதின் தலைக்குள் இருந்த குண்டு

வெள்ளிக்கிழமைதான் எங்கள் பக்கத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரும். அன்று கரக் ஊரில் பாதிப் பேர் மொட்டைமாடியில்தான் இருப்பார்கள். பஸ் ஓட்டுநர் அவ்வாதும் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கிறேன் என்று மாடிக்கு ஏறினார். சாப்பாடு ஆறுகிறதே என்று அவர் மனைவி தேடிப் போனபோது தொட்டியோரம் விழுந்து கிடந்தார். உச்சந்தலையில், முடிக்குள், விரல்நுனி அளவுக்கு ஒரு துளை.

மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: எதிர்வீட்டு துர்கி சுட்டுவிட்டான். தண்ணீர்க் குழாய் விஷயமாக இருவருக்கும் சண்டை. 'உன் மண்டையைப் பிளக்கிறேன்' என்று துர்கி காப்பிக்கடையில் கத்தியதைப் பலர் கேட்டிருந்தார்கள். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது, அவன் உயிரைக் காப்பாற்றவும்தான்.

அவ்வாதின் அண்ணன் பெயர் ஹாயில். ஒரு கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். மூத்த மகன் பெயரால் எல்லோரும் அவரை அபூ சக்ர், அதாவது சக்ரின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனை வாசலில் அவருடைய ஆட்கள் நாலைந்து வண்டிகளில் காத்திருந்தார்கள். அவர் தலையசைத்தால் போதும், துர்கியின் வீடு எரியும்.

தடயவியல் மருத்துவர் இயாத் அவரிடம் பிரேதப் பரிசோதனை என்று தொடங்கியதுமே ஹாயில் கையைக் காட்டி நிறுத்தினார். தம்பி உடம்பில் கத்தி படக்கூடாது, கொன்றது யார் என்று தெரிந்த பிறகு அறுத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்றார். அரசு வழக்கறிஞரிடம் உத்தரவு வாங்கி அறுத்திருக்கலாம். வாசலில் நின்ற கூட்டத்துக்கு அதுவே தீப்பொறியாகியிருக்கும். அதனால் இயாத் என்னிடம் வந்தார்.

ஸ்கேன் படங்களைப் படிப்பது என் வேலை. உயிருள்ளவர்களுக்கு வைத்திருக்கும் அதே சி.டி. இயந்திரத்தில் இறந்தவர்களையும் படம் எடுக்கிறோம். இறந்தவர்கள் அசைவதில்லை, படம் தெளிவாக விழும். ஹாயிலிடம், துணிகூட விலக்காமல் படம் எடுக்கிறேன், நீங்களும் கூடவே இருங்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். திரையில் மண்டையோடு வந்தது. உள்ளே கீழே, பிடரி எலும்பின் உட்புறம் ஒட்டி ஒரு குண்டு. உலோகம் என்பதால் அதைச் சுற்றி நட்சத்திரம் போல வெள்ளைக் கீற்றுகள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"அபூ சக்ர், துர்கி வீட்டு மாடி உங்க தம்பி மாடியவிட உசரமா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஒரு தளம் கம்மி. ஏன் கேக்குறீங்க?"

"அங்கேருந்து சுட்டிருந்தா குண்டு கீழேருந்து மேல போயிருக்கும். இது உச்சில எறங்கி நேரா கீழ போயிருக்கு, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "தம்பி குனிஞ்சு நின்னிருப்பான். தொட்டிய எட்டிப் பாத்திருப்பான்."

நியாயமான சந்தேகம்தான். அதற்கும் படத்திலேயே பதில் இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ரைஃபிளால் சுட்டால் குண்டு மண்டையைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். உள்ளே தங்கினாலும் உடைந்து, மாவு தூவியதுபோல் துகள்கள் தெரியும். இந்தக் குண்டோ துளியும் நசுங்காமல் முழுசாக இருந்தது. வேகம் செத்து, வானத்திலிருந்து விழுந்த குண்டு.

"யாரும் உங்க தம்பிய குறி வைக்கல. எங்கேயோ வானத்தப் பாத்துச் சுட்டது இது. நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கோர்ட்டுல வந்தும் சொல்லுவேன்."

ஹாயில் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், அவருடைய சித்தப்பா மகனின் கல்யாண ஊர்வலம் ஜும்ஆவுக்குப் பிறகுதான் கிளம்பியது. தண்ணீர் வரும் நாள் என்பதால் அவ்வாதால் அதற்குப் போக முடியவில்லை. மாப்பிள்ளை வண்டிக்கு முன்னால் பலர் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார்களாம்.

"நானும் சுட்டேன், டாக்டர்" என்றார்.

 

அடுத்து அவரே கேட்டார், எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிக்க முடியுமா என்று. குண்டு கையில் கிடைத்தால் முடியும் என்றார் இயாத். அது இருக்கும் இடம் படத்தில் துல்லியமாகத் தெரிகிறது, பிடரியில் சின்னதாகத் திறந்தாலே எடுத்துவிடலாம், மற்றபடி உடம்பைத் தொடத் தேவையில்லை என்றும் சொன்னார்.

"எடுங்க. என் துப்பாக்கி வண்டிலதான் இருக்கு. அதையும் எடுத்துக்குங்க."

பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு வாலிபன் மட்டும் ஏதோ எதிர்த்துப் பேச, ஹாயில் அவன் தோளில் கை வைத்து வண்டிக்குள் உட்காரவைத்தார்.

அவ்வாதை மறுநாள் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார்கள். பிடரியில் போட்ட தையலை முடியே மறைத்துவிட்டது. துர்கியை விடுவித்தார்கள். கல்யாண வீட்டில் போலீஸ் சேகரித்த துப்பாக்கிகளில் குண்டு பொருந்தியது மாப்பிள்ளையின் தகப்பனாரான அந்தச் சித்தப்பாவுடையதோடு. அவர் மறுக்கவில்லை, சிறைக்குப் போனார்.

இயாத் சேதியைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டபோது ஹாயில் சந்தோஷப்படவில்லையாம். "என்னுது இல்லன்னா அது என் சாமர்த்தியமா?" என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த வாரம் ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு துர்கி வீட்டுக்குப் போனார். இயாத்தும் உடன் போயிருந்தார். காப்பி ஊற்றினார்கள். ஹாயில் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்டது கிடைக்காமல் குடிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். உன்னைக் கொலைகாரன் என்று சொன்னேன், மன்னித்துவிடு என்றார்.

துர்கி, "எனக்குக் குழாய்க்காகச் சண்டை போட ஆளில்லாமப் பண்ணிட்டானுங்க, அபூ சக்ர்" என்றவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காப்பியக் குடிங்க" என்றானாம்.