குளியலறைப் பஞ்சாயத்து

அந்தத் தெருவில் பட்டப்பகலிலேயே வீடு புகுந்து திருடிக்கொண்டிருந்தார்கள். முடிவெட்டுகிறவர், வீட்டில் முரட்டு ஆம்பளைகள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று வாசலில் மூன்று ஜோடி பெரிய பூட்ஸ்களை வாங்கிப் போட்டார். பூட்ஸ்தான் முதலில் களவு போனது.

ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவருக்கு வேறு யோசனை. அவருக்கும் அவர் மனைவி தையல்காரிக்கும் நடந்த பெரிய சண்டை ஒன்று, மேசையில் சோதனைக்கு வைத்திருந்த மைக்கில் ஒன்றுவிடாமல் பதிவாகியிருந்தது. அவளைக் கேட்காமலே அவளுடைய புதுத் தையல் மெஷினைத் தன் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதுதான் சண்டை.

"இதை ஓடவிட்டுட்டு ரெண்டு பேரும் நம்ம கடைக்குப் போயிடலாம். ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

"நம்ம மானம் கப்பலேறவா?"

"ஜன்னலெல்லாம் சாத்திட்டா வெளியில இரைச்சல்தாம்மா கேக்கும், வார்த்தை புரியாது."

அரை மனசோடு சம்மதித்தாள். தன் குரல் அத்தனை கீச்சென்று இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு நாள் மதியம், வாடிக்கைக்காரியின் அளவுச் சட்டையை எடுக்கத் தையல்காரி கடையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தால் ஸ்பீக்கரில் வழக்கம்போல் அவள் கத்திக்கொண்டிருந்தாள், அவர் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் மூன்றாவதாக ஒரு குரல்.

"அண்ணே, போதும்ணே! அக்கா கேக்குறதுல என்ன தப்பு?"

குரல் குளியலறையிலிருந்து வந்தது. பூனைபோல் போய் வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரை அணைத்தாள்.

"யாருடா உள்ள?"

"திருட வந்தேன்க்கா. நீங்க சண்டை போடுற மும்முரத்துல கவனிக்கமாட்டீங்கன்னு, திறந்திருந்த இந்தச் சின்ன ஜன்னல் வழியா இறங்குனேன். கால் வெச்ச பக்கெட் உடைஞ்சுபோச்சு, திரும்ப ஏற முடியல. சண்டை முடிஞ்சு நீங்க அசந்தா ஓடிடலாம்னு பாத்தா, காலையிலேர்ந்து முடியவே மாட்டேங்குது."

"திரும்பத் திரும்ப அதையேதானே பேசுனோம்? உனக்குச் சந்தேகமே வரலியா?"

"எதுக்கு வரணும்? எங்க வீட்லயும் அப்படித்தான்க்கா, சொன்னதையேதான் சொல்லுவாங்க. என் கதைய விடுங்க. கேக்காம கொள்ளாம மெஷினைத் தூக்கிக் குடுத்தது அநியாயம்க்கா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளில் அவள் பக்கம் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

அவள் போன் செய்ததும் புருஷன் போலீஸ்காரரோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். குளியலறைக் கதவைத் திறந்ததும் திருடன் புருஷனைத்தான் முறைத்தான். ஸ்பீக்கரை ஓடவிட்டுக் காட்டி விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் தொங்கிப்போனது.

"இது பச்சை ஏமாத்து வேலை சார்," என்று போலீஸ்காரரிடமே முறையிட்டான்.

"அதையும் ஸ்டேஷன்ல எழுதிக் குடு, வா," என்றார் அவர். வாசல் வரை போனவர் திரும்பி, "ஆனா மெஷின் விஷயத்துல தப்பு உங்க மேலதான் சார்," என்றார்.

சாயங்காலமே மெஷின் ஆட்டோவில் வந்து இறங்கியது.

விஷயம் தெருவெல்லாம் பரவியது. எதிர்வீட்டு பேக்கரிக்காரர் தம்பதி, தங்களுக்கும் ஒரு சண்டை பதிவு செய்து தரச் சொல்லி வந்தார்கள். மைக் முன்னால் உட்கார்ந்ததும், "நீ ஆரம்பி," "இல்ல, நீங்க ஆரம்பிங்க," என்று இருவரும் புதுப் பெண் மாப்பிள்ளைபோல் நெளிந்தார்கள். ஸ்பீக்கர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தையல்காரி பேக்கரிக்காரரின் காதருகே குனிந்து, "உங்க மாமியார் எப்ப ஊருக்குக் கிளம்புறாங்கன்னு கேளுங்கண்ணே," என்றாள்.

அவரும் கேட்டார். அதற்குமேல் மைக்கே தேவைப்படவில்லை.