மூன்றாம் நம்பர் ரோலர் பற்றிய முதல் எச்சரிக்கை

சலவை ஆலையின் மெக்கானிக் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குப் பேசியது, அன்று மதியம் இரண்டு மணிக்குக் கேட்டது. பேசும்போது அவள் வாய் அசைந்தது, கை அசைந்தது, கழுத்து நரம்புகூடப் புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. சுற்றி நின்ற நாற்பது பேரும், உலர்த்தும் டிரம்களின் இரைச்சலில் தங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துப் பொதுவாகத் தலையாட்டி வைத்தார்கள். கூட்டங்களில் அது வழக்கம்தான். இரண்டு மணிக்கு மடிப்புப் பிரிவுப் பெண்கள் அவள் காலையில் நின்று பேசிய தூணடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத இடத்திலிருந்து அவள் குரல், "எல்லாருக்கும் வணக்கம். அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா, யாரையும் குறை சொல்றதா நினைக்கக் கூடாது, இருந்தாலும்..." என்று ஆரம்பித்தது. ஆறு நிமிடம் கழித்து, கிரீஸ் தீர்ந்துவிட்டது என்ற செய்தியில் வந்து நின்றது. ஒருத்தி டப்பாவை மூடிவிட்டு ஸ்டோருக்குப் போய் அதைச் சொன்னாள். மற்றவர்கள் கை கழுவப் போனார்கள்.

பதினோரு வருடம் ஸ்பானர் பிடித்தவள் அவள். எதிரே நாலு பேர் வரை நின்றால் பேச்சில் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. வீட்டில் அவள் நாக்குக்குப் பயந்து புருஷன் செருப்பை வாசலிலேயே நேராக விடுவான். ஐந்தாவது ஆள் வந்து நின்றால்தான் குரல் போய்விடும். அதுவரை ஐந்தாவது ஆள் வரும் அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை. பழைய தலைமை மெக்கானிக் வேலையை விட்டுப் போக, அந்தப் பதவி அவளுக்கு வந்தது. கூடவே திங்கட்கிழமைக் கூட்டத்தில் எந்திரங்களின் நிலையைச் சொல்லும் கடமையும் வந்தது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் இருக்கிறது என்றார். ஆலையில் அவளுக்கு 'ரெண்டு மணி' என்று பெயர் விழுந்தது. "என்ன ரெண்டு மணி, மணி ஒம்பதுதான் ஆகுது, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று பாய்லர்காரன் தினமும் கேட்டான். தினமும் அவனே சிரித்தான்.

வருகைப் பதிவுக் குமாஸ்தா ஆட்கள் வருவதையும் போவதையும் எழுதும் நோட்டில் குரலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம். மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. பீடிகை நீளமாக இருக்கும் நாட்களில் குரல் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அது வெளியே எங்கோ போய்ச் சுற்றிவிட்டுத்தான் வந்தது என்பதிலும் சந்தேகமில்லை, ஏனென்றால் சில நாள் அது மழை ஈரத்தோடு வந்தது, ஒரு நாள் யாரோ தும்மியதையும் சேர்த்துக்கொண்டு வந்தது. புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "உன் குரல் இன்னைக்கு மார்க்கெட் ஸ்டாப்ல ஏறுச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் 'அதாவது, அதாவது'ன்னு நின்னுக்கிட்டே வந்துச்சு. டிக்கெட்டும் எடுக்கல."

இதெல்லாம் கிரீஸ் விஷயமாக இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாம் நம்பர் இஸ்திரி ரோலர் விஷயம் அப்படியில்லை. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து தகடு மாதிரி வரும். கை மாட்டினால் இழுக்க, தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு. இழுத்தால் ரோலர் உடனே நிற்க வேண்டும். இந்த ரோலர் ஒன்றரைச் சுற்று ஓடிவிட்டு நின்றது. அதில் விரிப்புக் கொடுத்தவள் மெக்கானிக்கின் நாத்தனார். கல்யாணம் ஒத்து வராது என்று அண்ணன் வீட்டோடு இருந்தவள். அண்ணி வைக்கும் குழம்பிலிருந்து அண்ணி நடக்கும் நடைவரை எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. ரோலரை நிறுத்த முதலாளியின் வாய்ச்சொல் வேண்டும். முதலாளி மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூட்டத்துக்கு மட்டும் வருவார், இருபது நிமிடம் நிற்பார், போய்விடுவார். மெக்கானிக் மேலாளரிடம் தனியாகச் சொன்னாள். "கூட்டத்துல நீங்களே சொல்லுங்கம்மா. என்கிட்ட சொன்னா நான் கேட்ட மாதிரி ஆயிடும்," என்றார் அவர். எழுதிக் கொடுத்தாள். 'கூட்டத்தில் பேசவும்' என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

முதல் திங்கட்கிழமை பேசினாள். வாயசைவை நாத்தனார் எண்ணிக்கொண்டிருந்தாள், ஏழு நிமிடம். முதலாளி தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். இரண்டு மணிக்குத் தூணடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. குமாஸ்தா வந்து சேர்ந்த நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு நோட்டை மூடினார். செவ்வாயும் புதனும் மெக்கானிக் வேலைக்கு நடுவே ஐந்து தடவை, பத்துத் தடவை தூணடிக்குப் போய் நின்றாள். திருகாணியை முடுக்கினாள், கழற்றினாள், மறுபடி முடுக்கினாள். புதன் சாயங்காலம் புருஷனின் பேருந்தில் ஏறி முழுத் தடமும் போய் வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, காது கொடுத்து, ஓடி வந்து ஏறினாள். பயணிகள் திட்டினார்கள். மார்க்கெட்டில் ஒரு 'இருந்தாலும்' கிடைத்தது, அது போன மாதத்தது. வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மூன்றாம் நம்பர் ரோலர் நாத்தனாரின் வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவை எடுத்துக்கொண்டது. அவள் கயிற்றைச் சரியான நேரத்தில்தான் இழுத்திருந்தாள். விரிப்பு மறுபடி சலவைக்குப் போனது. மதியம் ரோலர் ஓடியது, வேறொருத்தி விரிப்புக் கொடுத்தாள்.

நாத்தனார் ஒரு வாரம் அண்ணியோடு பேசவில்லை. எட்டாம் நாள் மொட்டைமாடியில் ஐந்து நாற்காலி போட்டாள். அண்ணன், குமாஸ்தா, பக்கத்து வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி, அப்புறம் தான். அண்ணியைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் நிறுத்தி, ரோலர் விஷயத்தைப் பேசுங்கள் என்றாள். மெக்கானிக் பேசினாள். குரல் இரண்டு மணி நேரம் கழித்து, எல்லோரும் முறுக்கு தின்று முடித்த பிறகு வந்தது. நாத்தனார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அண்ணி, என் விரல் எத்தனாவது வரியில வருது?"

"பதினாலு," என்றார் குமாஸ்தா, நோட்டைப் பார்த்து.

"அதை முதல் வரிக்குக் கொண்டு வாங்க. பதினாலு வரி வரைக்கும் ரோலர் காத்திருக்காது."

"எடுத்த எடுப்புல சொன்னா திமிருன்னு நினைப்பாங்கடி."

"நினைக்கட்டும். விரல் எனக்குத்தானே போச்சு, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அதற்குப் பிறகு தினமும் மாடிதான். அண்ணி 'அதாவது' என்று வாயசைத்தால் நாத்தனார் கட்டுப்போட்ட விரலைத் தூக்குவாள். வணக்கம் போனது, மன்னிப்பு போனது, ஏழு நிமிடம் நாலு வாக்கியமானது. இரண்டு மணி நேரத் தாமதம் நாற்பது நிமிடமாயிற்று, பிறகு ஒன்பது. ஒன்பதிலேயே பத்து நாள் நின்றது. தையல்காரர்தான் கண்டுபிடித்தார். "நீங்க எங்களைப் பாக்கலம்மா. கொடிக்கயிறைப் பாத்துப் பேசுறீங்க. குரலும் அந்தப் பக்கமாத்தான் போகுது." அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பதினோரு விநாடிக்கு வந்தது. அதற்குக் கீழே என்ன செய்தும் இறங்கவில்லை. பக்கத்துத் தெருவரை போய்த் திரும்புகிறது போல என்றான் புருஷன்.

சிக்கல் அந்தப் பதினோரு விநாடியில்தான் இருந்தது. சொல்லி முடித்தபின் வரும் மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. எதிரே இருப்பவர்களின் முகத்தில் ஒன்றுமில்லை. வாய் தானாகத் திறந்து ஒரு 'அதாவது' போடும். போட்டால் போச்சு, வாசல்வரை வந்த குரல் அதையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஊர் சுற்றப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு முறை அப்படிப் போனது. அடுத்த மாதத்து முதல் திங்கள் காலை பேருந்தில் அவள் உட்காரவில்லை. காலி இருக்கைகள் இருந்தும் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வந்தாள்.

எட்டு இருபத்தைந்துக்கு அவள் முறை வந்தது. முதலாளி தூணில் சாய்ந்து நின்றார். அவள் அவரையே பார்த்து நாலு வாக்கியம் சொன்னாள். சத்தமில்லை. வாயை மூடினாள். மூன்றாம் விநாடியில் யாரோ இருமினார்கள். ஐந்தாம் விநாடியில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழில் மேலாளர், "சரி, அடுத்து பாய்லர்..." என்று தொடங்க, நாத்தனார் கூட்டத்துக்குள்ளிருந்து பாதி விரலைத் தூக்கிக் காட்டினாள், அவர் வாய் அப்படியே நின்றது. ஒன்பதில் மெக்கானிக்கின் உதடு பிரிந்தது. பற்களால் கடித்துக்கொண்டாள். முதலாளி வாசல் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார்.

"இவ விரலை எடுத்தது மூணாம் நம்பர் ரோலர். கயிறை இழுத்தாலும் ஒன்றரைச் சுத்து ஓடுது. இன்னும் ஒருத்தி இப்ப அதுல நிக்கிறா. பிரேக் மாத்துற வரைக்கும் நிறுத்துங்க."

குரல் கணீரென்று வந்தது, கூடவே லேசான டீசல் வாசனையும் வந்தது. டிரம்கள் ஓடிக்கொண்டிருந்தும் கடைசி வரிசைவரை கேட்டது. முதலாளி வைத்த காலைத் திரும்ப எடுத்தார்.

"இதை ஏன் போன மாசமே சொல்லல?"

"சொன்னாங்க சார். இன்னும் வந்து சேரல," என்று குமாஸ்தா நோட்டை விரித்துக் காலிக் கட்டத்தைக் காட்டினார். முதலாளி அந்தக் கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தார். ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை பிரேக் வந்தது.

பிறகு ஒன்பது வருடம். பதினோரு விநாடி குறையவில்லை, யாரும் குறைக்கச் சொல்லவுமில்லை. அவள் பேசி முடித்ததும் கூட்டம் அசையாமல் காத்திருக்கப் பழகியது. மற்றவர்களும் தங்கள் முறை முடிந்ததும் பதினோரு விநாடி நின்றுவிட்டு நகர ஆரம்பித்தார்கள். புதிதாய்ச் சேர்ந்தவர்கள் அதை ஆலையின் விதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை வேறு ஆலைகளின் ஆட்கள் நானூறு பேர் இருந்த மண்டபத்தில் பேசப் போனாள். மேடையிலிருந்து இறங்கித் தன் இருக்கையில் உட்கார்ந்து, தன் பேச்சைத் தானும் கேட்டாள். பரவாயில்லை என்றாள். பெயர் மட்டும் கடைசிவரை 'ரெண்டு மணி'தான்.

பத்தாம் வருடம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, நாத்தனார் மூன்றாம் நம்பரில் விரிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தூணடியிலிருந்து குரல் வந்தது. தூசி படிந்து, கரகரத்து, யார் யாருடைய தும்மலையோ, ஒரு ஹாரனையோ ஒட்டிக்கொண்டு. "எல்லாருக்கும் வணக்கம். அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா, யாரையும் குறை சொல்றதா நினைக்கக் கூடாது..." மெக்கானிக் ஸ்பானரோடு எழுந்து நின்றாள். நாத்தனார் ரோலரை நிறுத்தினாள். அது உடனே நின்றது. ஏழு நிமிடமும் நின்று கேட்டாள், ஒவ்வொரு 'அதாவது'வுக்கும் பாதி விரலை மடக்கி நீட்டி எண்ணினாள். கடைசியில் ரோலர் விஷயம் வந்து முடிந்ததும் தூணைப் பார்த்து, "சரி அண்ணி. மாத்தியாச்சு," என்றாள். குமாஸ்தா பழைய நோட்டைத் தேடி எடுத்து, காலிக் கட்டத்தில் நேரத்தை எழுதினார். பகல் இரண்டு மணி. நாத்தனார் அடுத்த விரிப்பை எடுத்தாள்.