கடல் மேலே இருந்த காற்று

பூமி சுற்றுவதைக் காவல் காக்கும் அலுவலகம் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் அக்காவும் தங்கையும் சம்பளம் வாங்கியது அதற்குத்தான். காற்று கிழக்கே வேகமெடுத்தால் பூமி அந்த அளவுக்குத் தயங்கும், நாள் மயிரிழை நீளும். காற்றின் பாரம் இடம் மாறினால் அச்சு லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் காற்றின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது இருவருக்கும் வேலை. இருவருமே தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது.

அது தனக்கென்றே எழுதிவைத்தது என்று அக்காவுக்கு நினைப்பு. முதலில் சேர்ந்தவள் அவள். தங்கையை இங்கே கொண்டுவந்து சேர்த்தவளும் அவளே. அந்தத் தங்கை இப்போது இயக்குநரின் செல்லப்பிள்ளை, அவள் பேசப்போகும் கருத்தரங்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது?

கருத்தரங்கு நாள் காலை தங்கை தன் மடிக்கணினியை அக்கா பக்கம் திருப்பினாள்.

“அக்கா, ஒரு தடவ பாத்துடேன். காத்தோட பங்க மொத்தமா கழிச்சிட்டேன். அப்பவும் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் நிக்குது. அது பூமிக்குள்ள இருந்து வருதுன்னு சொல்லப்போறேன்.”

இரண்டாவது படத்திலேயே அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. நிலத்தின் மேலுள்ள காற்றோடு கடல் மேலுள்ள காற்றின் பாரத்தையும் இவள் அப்படியே சேர்த்திருந்தாள். காற்று அழுத்தினால் கடல் தாழ்ந்து பக்கவாட்டில் நழுவிக்கொள்ளும். கடலின் அடித்தரைக்கு அந்தப் பாரம் அநேகமாகத் தெரியவே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். அவசரத்தில் அதற்கான திருத்தத்தைப் போட மறந்திருக்கிறாள். போட்டால் மிச்சம் நிற்கும் ஆட்டமே காணாமல் போகும்.

“பிரமாதமா இருக்குடி. அப்படியே பேசு,” என்றாள் அக்கா. கன்னத்தைத் தட்டியும் கொடுத்தாள்.

அரங்கில் தங்கை பேசி முடித்ததும் இயக்குநர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“கடல் மேல இருக்கிற காத்த என்ன பண்ணினீங்க?”

தங்கையின் முகம் வெளுத்தது. திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“பூமிக்குள்ள என்னமோ இருக்குன்னீங்களே, உங்க தலைக்குள்ள ஏதாவது இருக்கா?”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பேசறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

அக்காவுக்குத் திக்கென்றது. தங்கை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்ல சார். யார்கிட்டயும் காட்டல.”

சாயங்காலத்துக்குள் அக்காவுக்கு வேலை நிரந்தரமாயிற்று, தங்கைக்கு வேலை போயிற்று. மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

“ஏன்டி என் பேரச் சொல்லல?”

“சொல்லியிருந்தா உன்னையும் சேத்துக் கிழிச்சிருப்பாரு. ஒருத்தியாவது உள்ள இருக்கட்டும். பாவம், உனக்கும் கண்ணுல படல. விடுக்கா, உனக்கும் வயசாகுதில்ல.”

அக்கா வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் வேலையோடு தங்கையும் அவளுக்கு மிஞ்சியிருப்பாள். ஆனால் இத்தனை சின்னப் பிழை தனக்குத் தெரியவில்லை என்று இவள் பரிதாபப்படுவதா? அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“படலன்னு யாருடி சொன்னா? ரெண்டாவது படத்துலயே பாத்துட்டேன்.”

தங்கை நின்றாள். அழுவாள், கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள், அவ்வளவுதான்.

“பெட்டிய விடுங்க மேடம்,” என்றாள். “நானே தூக்கிக்கிறேன்.”